காதால் தேர்ந்த விசை

ரோண்டா தன் துப்பாக்கிக்குப் புது விசை வாங்க வருகிறாள் என்று தெரிந்ததும் கர்ட் தன் துப்பாக்கிப் பட்டறைக் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு வாசலிலேயே காத்திருந்தான்.

"வாங்கம்மா, வாங்க! கடைசியில எங்க வாசலையும் மிதிச்சுட்டீங்க. காசு குடுத்து வாங்குற திறமை திறமையே இல்லன்னு காலமெல்லாம் சொன்னது யாரு, வாத்தியாரே?"

"என்னைக் கேக்காத," என்றேன். "நான் பள்ளிக்கூட வாத்தியார். பொண்டாட்டிக்கு வண்டி ஓட்ட வந்தவன்."

"வயசாயிடுச்சு, விடு," என்றாள் ரோண்டா. "கம்பெனி ட்ரிகரை இழுத்து முடிக்கிறதுக்குள்ள துப்பாக்கி முனை ஆடுது. போதுமா? சிரிச்சு முடிச்சுட்டு சாமானைக் காட்டு."

அவள் சொன்னதில் பாதி உண்மை. டிசம்பரில் அவளுக்குக் குடல் புற்றுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஜனவரியிலிருந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உடம்பில் வலு இறங்கிப்போயிருந்தது. இதெல்லாம் ஊருக்கே தெரியும். யாருக்கும் தெரியாத மறுபாதி, அந்த மருந்து அவள் விரல் நுனிகளைச் சாகடித்துக்கொண்டிருந்தது என்பது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். ஒருநாள் காலை முட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி ஏதோ பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கையில் முட்டை நொறுங்கியது. மஞ்சள் கரு மணிக்கட்டில் வழிந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். அப்போது அவள் முகம் போன போக்கை நான் பார்க்காததுபோல் நாளிதழைப் புரட்டினேன்.

விரலில் உணர்ச்சி இல்லாதவர் துப்பாக்கியைத் தொடக்கூடாது. ஓடிக்கொண்டே சுடும் போட்டி நடத்தும் எங்கள் களத்தில் இந்த விதியை ரோண்டாவைவிடக் கறாராகக் காத்தவர் யாரும் கிடையாது. அவள் ஆட்டக்காரி மட்டுமல்ல, நடுவர். ஓடும்போது விரலை விசை வளையத்துக்குள் வைத்திருந்ததற்காக எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். கிழவர்கள், போலீஸ்காரர்கள், ஒருமுறை எங்கள் தேவாலயத்துப் போதகர்.

பட்டறைக்கு வரும் வழியில், உருளைக்கிழங்கு வயல்களைத் தாண்டும்போது, அவளிடம் சொல்லிப்பார்த்தேன்.

"கர்ட்கிட்டயாவது உண்மையைச் சொல்லிடேன். அதுக்குத் தகுந்த மாதிரி எதையாவது மாட்டிக் குடுப்பான்."

"சொன்னா மாட்டிக் குடுக்கமாட்டான். ஏன் குடுக்கலன்னு களத்துல டுவேன் கேப்பான். அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போய் நிழல்ல நாற்காலி போட்டு உக்கார வெச்சு, ஆளுக்கொரு தண்ணி பாட்டில் கொண்டாந்து நீட்டுவாங்க."

"நீட்டினா என்ன?"

"ஆர்லன், நான் வியாதிக்காரியா இல்லாத இடம் அது ஒண்ணுதான் பாக்கி இருக்கு. அதையும் பிடுங்காத."

நான் பட்டறைக்குப் போகும் பாதையில் வண்டியைத் திருப்பினேன்.

கர்ட் மேசையில் பச்சை ரப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் மூன்று துப்பாக்கிகளை வைத்தான். மூன்றும் அவளுடையதைப் போலவே பின்னால் சுத்தியல் வைத்த பழைய மாதிரி. உள்ளே இருந்த விசைகள் மட்டும் வேறு வேறு. ஒவ்வொன்றையும் திறந்து, குண்டு இல்லை என்று அவளுக்குக் காட்டிவிட்டுக் கையில் கொடுத்தான்.

"முதல் ஆளு வெண்ணெய். எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியாது. ரெண்டாவது கொஞ்சம் கனம். ஆனா வந்து ஒரு இடத்துல சுவத்துல முட்டுற மாதிரி முட்டும். அந்த முட்டைத் தாண்டினாத்தான் வெடிக்கும். மூணாவது இப்போ பசங்க எல்லாரும் கேக்குறது. காத்து பட்டாலே போதும். எனக்கு என்னமோ உனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. நீ முரட்டு ட்ரிகர்ல பழகினவ."

ரோண்டா முதலாவதை எடுத்து, எதிர்ச்சுவரில் தொங்கிய மான் கொம்பைக் குறிபார்த்து அழுத்தினாள். சுத்தியல் விழுந்தது. அவள் புருவம் சற்றுச் சுருங்கியது. அடுத்து இரண்டாவது. திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

"முட்டுது பாரு, தெரியுதா?" என்றான் கர்ட்.

"ம்."

"எந்த இடத்துல? கொஞ்சம் முன்னாடியே முட்டுறாப்புல வேணும்னா ஒரு திருகைத் திருப்பினாப் போதும்."

"இதே போதும்," என்றாள். அவளுக்கு முட்டவே இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவள் பார்வை மான் கொம்பில் இல்லை. சுத்தியல் பின்னால் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் தாதி கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "எந்த விரலைத் தொடறேன், சொல்லுங்க?" என்று கேட்கும்போது அரைக்கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்வாள். அதே திருட்டு.

மூன்றாவதை எடுத்தாள். அழுத்தினாள். சுத்தியல் விழுந்தது. விரலைத் தளர்த்தியபோது, விசை முன்னால் திரும்பி வரும் வழியில் 'டிக்' என்று ஒரு சத்தம். வாயில் கடுகு கடிபடுவதுபோல அவ்வளவு தெளிவான சத்தம். மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. அவள் தலை லேசாகச் சாய்ந்தது. மறுபடி அழுத்தினாள். தளர்த்தினாள். டிக். மறுபடி. டிக்.

"இதுதான்," என்றாள்.

"அது ரொம்ப லேசுடீ. யோசிச்சுக்கோ."

"காசு குடுத்துத் திறமை வாங்கணும்னு ஆச்சு. அதுல கஞ்சத்தனம் எதுக்கு?"

கர்ட் வாய்விட்டுச் சிரித்தான். ஒரு கிண்டலைக் கேட்டுவிட்டால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. நல்ல மனிதன். துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வாரமே அந்த விசையைப் பொருத்தி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தான்.

அதன்பிறகு எங்கள் வீட்டு நிலவறையில் தினமும் அந்த 'டிக்' கேட்டது. வெற்றுத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டிய காகிதங்களைக் குறிபார்த்து நடப்பாள், திரும்புவாள், குனிவாள். சத்தம் கேட்டால் விரல் விசையை விட்டு முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே விரலை வளையத்துக்கு வெளியே எடுத்துத் துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டிவைப்பாள். விரல் சொல்லவேண்டியதைக் காது சொல்லட்டும் என்று வைத்துக்கொண்டாள். களத்தில் எல்லோரும் போடும் காதுமூடியையும் போட்டுப் பார்த்தாள். அது பேட்டரியில் ஓடுவது. வெடிச்சத்தத்தை அடைக்கும், சின்னச் சத்தத்தைக் கூட்டிக்காட்டும். அதைப் போட்டுக்கொண்டால் 'டிக்' இன்னும் பெரிதாகக் கேட்கிறது என்று மாடிப்படியில் நின்று எனக்கு அறிவித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் குரலில் பழைய அதிகாரம் இருந்தது. அதைக் கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

உண்மையான குண்டு போட்டு ஒருமுறை சுட்டுப்பார்த்திருந்தால் போதும். ஆனால் அந்த ஜூலையில் புல்லெல்லாம் காய்ந்து கிடந்தது. தீ பிடிக்கும் என்று களத்தைப் பயிற்சிக்கு மூடிவிட்டார்கள். தண்ணீர் லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு மாதப் போட்டியை மட்டும் நடத்தினார்கள்.

போட்டியன்று காலை டுவேன்தான் எங்கள் குழுவுக்கு நடுவர். கிழங்கு விவசாயி. கழுத்து எப்போதும் வெயிலில் சிவந்திருக்கும். ரோண்டாவைக் கண்டதும் தொப்பியைத் தூக்கினான்.

"அம்மா தாயே, கர்ட் பட்டறையில போய்க் காணிக்கை வெச்சியாமே. ஊரெல்லாம் அதே பேச்சு."

"உன் துப்பாக்கியில சொந்தமா மிச்சம் இருக்குறது துரு மட்டும்தான். நீ பேசாத."

சிரித்தார்கள். கர்ட் இருந்தான். பாசனக் குழாய் பழுது பார்க்கும் ராட்னி இருந்தான். அவன் அதிகம் பேசமாட்டான். நான் வழக்கம்போல இலக்கு அட்டைகளின் துளைகளை ஒட்டும் தாள்சுருளைக் கையில் வைத்திருந்தேன். சுடத் தெரியாத புருஷனுக்கு அந்த வேலைதான்.

ரோண்டாவின் முறை வந்தது. எங்களுக்குச் சில அடி முன்னால் கோட்டில் நின்றாள். தொப்பிக்குக் கீழே தலை மொட்டை. இடுப்புப் பட்டை தளர்ந்து, புதிதாகப் போட்ட துளையில் மாட்டியிருந்தது. டுவேன் அவள் வலப்பக்கம் ஒரு எட்டுப் பின்னால் டைமரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடுவர் அங்கேதான் நிற்கவேண்டும். அங்கிருந்து பார்த்தால்தான் விரல் தெரியும்.

"லோட் பண்ணிக்க. ரெடியா?"

டைமர் பீப் அடித்தது. முதல் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவள் சுட்டது அழகாக இருந்தது. அட்டைகளில் துளைகள் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தன. யாரோ பின்னால் "ஆத்தா வந்துட்டாடா" என்றார்கள். கடைசி அட்டையையும் சுட்டுவிட்டு இடதுபக்கத் தடுப்பை நோக்கித் திரும்பி ஓடினாள். மூன்று எட்டு வைத்திருப்பாள். துப்பாக்கி வெடித்தது.

அவளுக்கு முன்னால் தரையில் புழுதி பீறிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. குண்டு மண்ணுக்குள் போய்விட்டது. ஆனால் வந்திருக்கவே கூடாத ஒரு வெடி அது.

வெடிச்சத்தம் வந்ததும் காதுமூடி ஒரு நொடி செவிடாகிவிடும். அந்த ஒரு நொடியில்தான் 'டிக்' வரும். சத்தம் கேட்காதபோது கை பழக்கத்தில் ஓடியிருக்கிறது. விரல் வெளியே வந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். அது உள்ளேயே இருந்தது. ஓடும்போது கை இறுகியது. காற்றுப் பட்டாலே போதும் என்று கர்ட் சொன்ன விசை. இதெல்லாம் அவள் பிறகு எனக்குச் சொன்னது.

அந்த இடத்தில் நடுவர் "நிறுத்து" என்று கத்தவேண்டும். நான் டுவேனைப் பார்த்தேன். அவன் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. டைமரைப் பிடித்த கை தாழ்ந்தது. அவள் ஒரு கணம் நின்றாள், கத்தலுக்காகக் காத்திருப்பவள்போல. எதுவும் வரவில்லை. எட்டு எடுத்துவைத்து இரண்டாம் தடுப்புக்குப் போய் மிச்ச அட்டைகளையும் சுட்டு முடித்தாள்.

"முடிஞ்சுதுன்னா குண்டை எடுத்துட்டுக் காட்டு," என்றான் டுவேன்.

அவள் எடுத்துக் காட்டிவிட்டுத் துப்பாக்கியை உறையில் செருகினாள். திரும்பினாள். கர்ட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராட்னி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் கையில் தாள்சுருள் பிரிந்து காற்றில் ஆடியது. எல்லோரும் பார்த்தோம். யாரும் பார்க்கவில்லை என்று ஒரே நேரத்தில் முடிவு செய்துவிட்டோம். ஒரு நோயாளிக்கு முன்னால் கதவைத் திறந்து பிடிப்பதுபோல.

"நேரம் எழுதிக்கலாமா?" என்றான் டுவேன், கணக்கு எழுதுபவரைப் பார்த்து.

"எதை எழுதுவ?" என்றாள் ரோண்டா.

"ஓட்டம் நல்லா இருந்துது, ரோண்டா. விடு."

"ஓடும்போது ஒரு வெடி வெடிச்சுது. கேட்டியா?"

"நான் உன் காலைப் பாத்துட்டிருந்தேன். தரை மேடும் பள்ளமுமா இருக்குல்ல, விழுந்துடப்போறியேன்னு…"

"நடுவர் காலையா பாப்பான்? உனக்கு யாருடா சொல்லிக் குடுத்தது?"

"நீதான்."

"நான் என்ன சொன்னேன்?"

டுவேன் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். கழுத்துச் சிவப்பு காதுவரை ஏறியிருந்தது. முன்பு ஒருமுறை, மாநிலப் போட்டியில், அவன் மகள் முதன்முதலாகப் பார்க்க வந்திருந்த அன்று, இதே தவறுக்காக ரோண்டா அவனை வெளியே அனுப்பினாள். அன்று அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

"சொல்லு, டுவேன்."

"எதை?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லு. இத்தனை பேரு முன்னாடி என்னைப் பிச்சைக்காரியாக்காத."

"நிறுத்து," என்றான். பக்கத்தில் நின்ற எனக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. எல்லாம் நின்று வெகு நேரமான பிறகு சொன்ன 'நிறுத்து'. "நீ வெளியே."

"சரி," என்றாள் ரோண்டா. நடுவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் துப்பாக்கியைப் பையில் வைத்து மூடி வண்டியில் கொண்டுபோய் வைத்தாள். ஜிப்பை இழுக்க மூன்று தடவை தடவினாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. அது மட்டும் நல்லதாகப் போயிற்று.

எங்கள் களத்தில், வெளியேற்றப்பட்டவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. போட்டி முடிந்ததும் குழு முழுவதும் நெடுஞ்சாலை ஓரத்து ஐஸ்கிரீம் கடைக்குப் போகும். அனுப்பிய நடுவர்தான் வாங்கித் தரவேண்டும். வெளியேற்றப்பட்டவர் முதல் வாய் சாப்பிடும்வரை மற்றவர் யாரும் கரண்டியைத் தொடக்கூடாது. அவர் சாப்பிட்டால் அன்றைய தப்பு அங்கேயே முடிந்தது. அதன்பிறகு அதைப் பற்றிக் கேலி பேசலாம், குறை பேசக்கூடாது. ரோண்டா எத்தனையோ பேருக்கு வாங்கித் தந்திருக்கிறாள். வெளியேற்றப்பட்டவருக்கான தலைமை நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை.

டுவேன் எல்லோருக்கும் காட்டுப்பழ ஐஸ்கிரீம் வாங்கிவந்தான். அவளுக்கு மட்டும் பெரிய கிண்ணம். குளிரில் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. வெளியே வெயிலில், மரமேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். எல்லோர் கண்ணும் அவள் மேல். முகங்களில் ஒரு நிம்மதி. காலையில் நடந்ததை விழுங்கிவிட ஒரு வழி கிடைத்துவிட்ட நிம்மதி.

ஒன்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த மருந்துக்கு இன்னொரு குணம் உண்டு. குளிர்ந்ததைத் தொட்டால் செத்த விரல் நுனிகள் கண்ணாடித் தூளைப் பிடித்ததுபோல எரியும். குளிர்ந்ததை விழுங்கினால் தொண்டை இறுகி மூச்சு அடைத்ததுபோல ஆகும். வீட்டில் குளிர்பெட்டியிலிருந்து பால் எடுக்கக்கூடக் கம்பளிக் கையுறை போட்டுக்கொள்வாள்.

"ஆரம்பி தாயே," என்றான் கர்ட். "உருகுது."

அவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கைகள் மடியில்.

"கோவமா?" என்றான் டுவேன். "நான் சத்தமா சொல்லலன்னா? இப்போ வேணும்னா மேசை மேல ஏறி நின்னு கத்தறேன்."

"கோவமில்ல."

"பின்ன சாப்பிடு. என் பொண்டாட்டி எனக்கு வாங்கித் தர்ற கிண்ணத்தைவிடப் பெருசு."

மறுபடி சிரிப்பு. ஐஸ்கிரீம் ஓரங்களில் ஊதா நிறமாக இளகத் தொடங்கியது. ஒருவர் கிண்ணம் அல்ல, எல்லோர் கிண்ணமும். அவளைச் சுற்றி நாங்கள் எட்டுப் பேர் வெயிலில் கைகட்டி உட்கார்ந்து எங்கள் ஐஸ்கிரீம் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசைக் குடும்பம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் அவள் கிண்ணத்தை என் பக்கம் இழுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னால சாப்பிட முடியாது," என்றாள். "மருந்து. சில்லுன்னு எதுவும் தொடக்கூடாது."

"அட, முன்னாடியே சொல்லக்கூடாதா?" டுவேன் எழுந்தான். "காபி வாங்கிட்டு வரேன். அதை வெச்சு முடிச்சுக்கலாம்."

"உக்காரு. இன்னும் முடியல." அவள் வலதுகையை மேசைமேல் விரித்து வைத்தாள். "இந்த விரல்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. எதுலயுமே. பிப்ரவரியில இருந்து."

முதலில் புரிந்துகொண்டவன் கர்ட். "பட்டறையில…" என்றான். "முட்டுதான்னு கேட்டேனே. முட்டுதுன்னியே."

"பொய் சொன்னேன். சத்தத்தைக் கேட்டு எடுத்தேன்."

"சத்தத்தையா?" கர்ட் தன் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினான். "சொல்லியிருந்தா நான்…"

"வித்திருக்கமாட்ட. அதனாலதான் சொல்லல. உன் மேல தப்பில்ல, கர்ட்."

நெடுஞ்சாலையில் மாட்டு லாரி ஒன்று போனது. டுவேன் அவள் தோளில் கை வைக்கப் போவதுபோல நகர்ந்தான். அப்போதுதான் ராட்னி பேசினான்.

"பிப்ரவரியிலேர்ந்தா?"

"ஆமா."

"ஏப்ரல்ல புதுசா சேர்ந்தவங்களுக்குப் பாடம் நடத்தினியே. என் மருமக ஷேலின் வந்தா."

"ஆமா."

"அவ பக்கத்துல நின்னு, குண்டு போட்ட துப்பாக்கிய அவ கையிலேர்ந்து வாங்கிக் காட்டுனே. விரலை இப்படி வைக்கணும்னு. நான் வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டிருந்தேன். சுடுறதைக் கத்துக்கணும்னா இவகிட்டத்தான் கத்துக்கணும்னு அவளைக் கூட்டிட்டு வந்ததே நான்தான்." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "அவளுக்கு அப்போ நாலு மாசம், ரோண்டா."

"ராட்னி, போதும்டா," என்றான் டுவேன். "அவ படுற பாடு தெரியாதா உனக்கு?"

"தெரியும். அதுக்காக?"

"அவன் கேக்கட்டும்," என்றாள் ரோண்டா. கழுத்திலிருந்து மேலேறிய சிவப்பு மொட்டைத் தலைவரை போயிருந்தது. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள், மறைக்க இஷ்டமில்லாதவள்போல. "கேளு."

"உன் விரல் உன் பேச்சைக் கேக்குதான்னு உனக்கே தெரியாம அவ பக்கத்துல நின்னிருக்க. அதைச் சொல்லியிருந்தா உன்னை யாரும் துரத்தியிருக்கமாட்டோம்."

"நாற்காலி போட்டிருப்பீங்க."

"போட்டிருப்போம். அதுல என்ன கேவலம்?"

அவள் மேசைமேல் விரித்திருந்த கையை மடக்கி எடுத்துக்கொண்டாள்.

"வண்டிச் சாவியைக் குடு, ஆர்லன்," என்றாள். வாங்கி மேசைக்கு மேலே கர்ட்டின் பக்கம் தள்ளினாள். "பின்சீட்டுல பை இருக்கு. எடுத்துட்டுப் போயிடு. பழைய ட்ரிகரை மாட்டு, மாட்டாம போ, வித்துடு, உன் இஷ்டம். நான் இனிமே அதைத் தொடமாட்டேன்."

கர்ட் சாவியை எடுத்தான். மறுப்புச் சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் எழுந்து போய் வண்டிக் கதவைத் திறந்து, பையைத் தூக்கித் தன் வண்டியில் வைத்துவிட்டு, அங்கேயே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

ராட்னி எழுந்திருக்கவில்லை. போய்விடுவான் என்று நினைத்தேன். கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். எவ்வளவு கோபம் இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான். அவள் சாப்பிடும்வரை அவன் தொடமுடியாது.

அவளுக்கும் அது புரிந்தது. வெயில் அந்தக் கிண்ணத்தை முழுவதும் கரைக்கும்வரை காத்திருந்தாள். அதுவரை எல்லோரும் காத்திருந்தோம். ஊதா நிறத் தண்ணீராக, விதைகள் மிதக்க, அது வெதுவெதுப்பாக ஆனபிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் கிண்ணத்தைப் பிடித்துத் தூக்கிக் குடித்தாள். மேலுதட்டில் ஊதாக்கறை ஒட்டியது. அவளுக்குத் தெரியவில்லை. நான் துடைக்கவில்லை.

பிறகு நாங்கள் எட்டுப் பேரும் எங்கள் கிண்ணங்களைத் தூக்கிக் குடித்தோம். ராட்னியும். யாரும் கேலி பேசவில்லை.

எழும்போது ராட்னி சொன்னான், "ஷேலின்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லு."

"சொல்றேன்."

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். இரண்டு கைகளும் தொடைக்கு அடியில். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஆறுதல் சொல்லாத," என்றாள். "ராட்னி ஒருத்தன்தான் இன்னைக்கு என்னை மனுஷியா நெனச்சுப் பேசினான். அதைக் கெடுத்துடாத."

அவள் அடுத்த ஆண்டு மார்ச்சில் இறந்தாள். களத்துக்கு அவள் போனது அன்றோடு சரி. டுவேன் பலமுறை கூப்பிட்டான். நாற்காலி கூடப் போடமாட்டோம் என்று ஒருமுறை சத்தியம் செய்தான். அவள் போனில் அவனைத் திட்டிச் சிரித்துவிட்டு வைத்துவிடுவாள். வைத்தபிறகு வெகுநேரம் சமையலறையில் நின்றுகொண்டிருப்பாள்.

ஆனால் அன்று மாலை, வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள். எண்களை அழுத்தினாள். தவறாக விழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி தவறு. போனை என்னிடம் நீட்டினாள். நான் எண்ணைப் போட்டு, மணி அடித்ததும் அவள் காதருகே பிடித்தேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி, நீதிபதி முன்னால் நிற்பவள்போலச் சமையலறை நடுவில் நின்றாள். அதனால் நானும் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று.

"ஷேலினா? நான் ரோண்டா பேசறேன். ஏப்ரல்ல உனக்குப் பாடம் நடத்தினவ… நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே? கொழந்தை அசையுதா?… சந்தோஷம்மா. இரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாம கேளு. பேசினா நான் நிறுத்திடுவேன்."

சொன்னாள். எதையும் விடவில்லை. பொத்தான், முட்டை, தாதியிடம் சொன்ன பொய், கர்ட்டிடம் சொன்ன பொய், புழுதி. அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் ஏதோ கேட்டது.

"ஆமா," என்றாள் ரோண்டா. "உன் கையிலேர்ந்து வாங்கினப்பவும்தான். அப்பவும் ஒண்ணும் தெரியல."

என் கை வலித்தது. போனை மறு கைக்கு மாற்றிப் பிடித்தேன்.

"இல்ல, பரவாயில்லன்னு நீ சொல்லாத, கண்ணு. பரவாயில்லாத விஷயமில்ல இது. கொழந்தை பொறந்து, நீ தெளிஞ்சதுக்கப்புறம், டுவேன்கிட்ட போ. நான் சொல்லிக் குடுத்தது எல்லாத்தையும் முதல்லேர்ந்து அவன்கிட்ட மறுபடி கத்துக்கோ. அவன் உன் விரலைப் பாக்குறானான்னு நீ அவனைப் பாரு."